தண்ணியில்லாக் காட்டில் எரிவாயு: இராமநாதபுரம் கரையோர நாட்குறிப்பு

புதன், வழுதூர்

அரசு ஊழியரை மிரட்டத் தமிழ்நாட்டில் ஒரு வசனம் போதும்: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." சொன்னதும் எல்லோர் மனதிலும் வந்து நிற்கும் ஊர் இராமநாதபுரம். அந்தப் பெயர் இந்த மாவட்டத்துக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை என்று எனக்கு நெடுநாளாகவே தோன்றுகிறது. வறண்ட நிலம், காலி நிலம், யாருக்கும் ஆகாத நிலம் என்று முடிவு கட்டிவிட்டால் அதில் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து இறக்கலாம். எரிவாயுக் கிணறு, அனல்மின் திட்டம், ஆயிரக்கணக்கான ஏக்கரில் சூரியத் தகடு என்று மின்சாரத்தின் அத்தனை வழிகளும் இந்த ஒரு மாவட்டத்தைத் தேடி வந்தது அப்படித்தான். ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போடுகிறேன்.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரன். நெல்வயலுக்கு நடுவே கம்பிவேலி போட்டு, உள்ளே வால்வும் குழாயுமாக ஆள் உயரத்துக்கு நிற்கும் எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்தே வளர்ந்தவன். எங்கள் ஊர் வழியாக வரும் ராமேஸ்வரம் ரயிலில் ஏறி, விடியுமுன் இராமநாதபுரத்தில் இறங்கினேன். மேலே ஊர் மாறிவிட்டது. பூமிக்குக் கீழே அவ்வளவாக மாறவில்லை. நிலவியலார் காவிரிப் படுகை என்று சொல்வது நாகப்பட்டினத்தோடு நின்றுவிடுவதில்லை. இராமநாதபுரத்துக்கு அடியிலும் பாக் நீரிணைக்கு அடியிலும் ஓடி மன்னார் வளைகுடாவில் இறங்குகிறது. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து பிரிந்தபோது விழுந்த பள்ளம் அது. 14.5 கோடி ஆண்டுக்கும் 6.6 கோடி ஆண்டுக்கும் இடைப்பட்ட கிரிட்டேசியஸ் காலத்தில் அந்தப் பள்ளத்தில் படிந்த சேறும் மணலும், அவற்றோடு புதைந்த நுண்ணுயிர்களும்தான் இன்று அடுப்பிலும் டர்பைனிலும் எரிகின்றன.

ராமேஸ்வரம் சாலையில் பேருந்து ஏறி வழுதூர் விலக்கில் இறங்கினேன். மின்வாரியத்தின் எரிவாயு மின் நிலையம் இங்கே இருக்கிறது. இரண்டு பிரிவும் சேர்த்து 187 மெகாவாட். உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தைப் பார்த்த கண்ணுக்கு இது மின் நிலையம் என்றே படாது. நிலக்கரிக் குவியல் இல்லை, சாம்பல் குளம் இல்லை, தெருவில் கருப்புத் தூசி இல்லை. புகைபோக்கியின் வாயில் சூட்டில் காற்று நெளிவது மட்டும் தெரிகிறது. எரிவாயுவை எரித்து முதல் டர்பைனைச் சுழற்றுகிறார்கள். அதிலிருந்து 500 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெளியேறும் காற்றை வீணாக்காமல் கொதிகலனுக்குள் விட்டு நீராவியாக்கி, அந்த நீராவியால் இரண்டாவது டர்பைனைச் சுழற்றுகிறார்கள். ஒரே எரிபொருளில் இரண்டு முறை மின்சாரம். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்றால், இந்த முறையில் 400 கிராம் அளவில் முடிந்துவிடுகிறது. கந்தகமும் சாம்பலும் கிட்டத்தட்ட இல்லை. எரிவாயுவை எதிர்ப்பவர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் அந்த 400 கிராம் என்பது எரிந்த வாயுவுக்கான கணக்கு. எரியாமல் கசியும் வாயு மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். கிணற்றடியில், குழாய் இணைப்பில், வால்வில் நூற்றில் சில பங்கு கசிந்தாலே நிலக்கரியைவிட மேல் என்ற பேச்சு ஆட்டம் காணும். கசிவு கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. வீட்டு சிலிண்டரில் வரும் நாற்றம் நாமாகக் கலப்பது.

விலக்கு டீக்கடையில் கேட்டேன். "கரன்ட் இங்கனதாண்ணே எடுக்குறாங்க. எங்களுக்கும் கோடையில கட்டாகத்தான் செய்யுது" என்றார் கடைக்காரர். அவர் குரலில் கோபம் இல்லை. பழகிப் போயிருக்கிறது.

இந்த வாயு மின்சாரமாக மட்டும் போவதில்லை. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய் போட்டு 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அங்கே யூரியா செய்யும் ஆலை, கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாப்தாவை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. வாயுவிலிருந்து ஹைட்ரஜன், ஹைட்ரஜனிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. எங்கள் வயலில் தூவும் வெள்ளைக் குருணை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் இந்த மாதிரிக் கிணற்றடியில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இப்போது என்னை இங்கே இழுத்து வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2020-இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை முழுசாகவும் பக்கத்து மாவட்டங்களில் சில வட்டாரங்களும் அதற்குள் இருக்கின்றன. அங்கே புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்ட முடியாது. இராமநாதபுரம் அந்தப் பட்டியலில் இல்லை. 2025 மார்ச்சில் மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் இந்த மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகள் தோண்ட ஒன்றிய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசிக்கு அனுமதி கொடுத்தது. ஆகஸ்டில்தான் செய்தி வெளியே பரவி எதிர்ப்பு கிளம்பியது. அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்துக்கு அறிவுறுத்தியிருப்பதாக மாநில அமைச்சர் அறிவித்தார். எங்கள் ஊருக்குக் கிடைத்த வேலி சட்டம். இந்த ஊருக்குக் கிடைத்தது ஓர் அறிவிப்பு.

வியாழன், உப்பூர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராகப் போயிருக்கலாம். ஆர்.எஸ்.மங்கலம் சுற்றிப் போனேன், கண்மாயைப் பார்க்க. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நாரையே ஒரே மூச்சில் பறக்க முடியாத அகலம், நாற்பத்தெட்டு மடை. பங்குனி வெயிலில் பெரும்பகுதி வெடித்த களிமண்ணாகக் கிடந்தது. கரையில் ஏறி நின்றால் எதிர்க்கரை கானல்நீரில் மிதக்கிறது. தண்ணீர் இல்லாத ஊர் இப்படி ஒரு கண்மாயை வெட்டியிருக்காது. மழை வரும்போது பிடித்து வைக்கத் தெரிந்த ஊர் இது.

அங்கிருந்து கடற்கரை வரை சாலையோரமெல்லாம் மிளகாய். இந்த மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. களத்தில் பரப்பிக் காயவைத்ததை இரண்டு பெண்கள் காலாலேயே தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் துணி கட்டியும் தும்மல். ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டச் சொன்னார் மூத்தவர். உள்ளே விதை கலகலவென்று ஓடினால் காய்ந்துவிட்டது, ஓசை அமுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டுமாம். "மேல கரி விழுந்தா வெலை போச்சு தம்பி. அதுக்குத்தான் அன்னைக்கி ரோட்டுல வந்து ஒக்காந்தோம்" என்றார். அன்றைக்கு என்று அவர் சொன்னது உப்பூர் அனல்மின் நிலையத்துக்கு எதிரான போராட்டத்தை.

உப்பூரில் இரண்டு 800 மெகாவாட் அலகுகள், மொத்தம் 1,600 மெகாவாட் என்பது திட்டம். முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 3 கோடியே 84 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு அரை கிலோ நிலக்கரி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 19,000 டன்னுக்கு மேல். நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 40 விழுக்காடு சாம்பல். இறக்குமதி நிலக்கரியில் அது குறைவு, ஆனால் விலை டாலரில். எதை எரித்தாலும் சாம்பலைக் கொட்ட இடம் வேண்டும். காற்று வாடையாக அடித்தாலும் கொண்டலாக அடித்தாலும் அது போகும் திசையில் ஒரு மிளகாய்க் களம் இருக்கும்.

வெயிலுகந்த விநாயகர் கோயிலில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, திருப்பாலைக்குடிக்குப் போனேன். வழியில் உப்பளங்கள், கண்ணைக் கூசும் வெள்ளை. கரையில் நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் முதலில் "சார் எந்த டிப்பார்ட்மெண்ட்டு?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். சாம்பலைவிட அவர்களைப் பதைக்க வைத்தது குழாய். கடல்நீரை எடுத்து ஆலையைக் குளிரவைத்து, சூடான நீரைத் திரும்பக் கடலில் விட வேண்டும். அதற்காகப் பல கிலோமீட்டர் தூரம் கடலுக்குள் பாலம் மாதிரி கட்டுமானம். கடலோர அனல்மின் நிலையம் வெளியேற்றும் நீர், கடல்நீரைவிட 7 டிகிரி வரை கூடுதல் சூடாக இருக்கலாம் என்பது இந்தியாவில் உள்ள விதி. காகிதத்தில் 7 டிகிரி சின்ன எண். பாக் நீரிணையின் இந்தப் பக்கம் கடல் இடுப்பளவு ஆழத்திலேயே வெகுதூரம் போகிறது. அடியில் கடற்புல், இங்கே அதைத் தாழை என்கிறார்கள். அதில்தான் நண்டு குஞ்சு பொரிக்கிறது, இறால் வளர்கிறது, ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிறது. 2022-இல் இங்கிருந்து வடக்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்றே காப்பகமாக அறிவித்தது அரசு. அதே நீரிணையின் இன்னொரு பக்கம்தான் இது.

"தாழை வெந்துருச்சுன்னா நண்டு எங்கிட்டுப் போகும்? நாங்க எங்கிட்டுப் போக?" என்றார். வலையில் மாட்டிய ஒரு பெட்டை நண்டின் வயிற்றடியில் ஆரஞ்சு நிறச் சினை திரண்டிருந்தது. பேசிக்கொண்டே அதைப் பிரித்து ஓரமாக வைத்த வாளித் தண்ணீரில் போட்டார். திரும்பக் கடலில் விடுவதற்காம்.

2021-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உப்பூர் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. பிறகு மின்வாரியம் திட்டத்தையே தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிக்கு மாற்ற முடிவெடுத்தது. திருப்பாலைக்குடியில் அதைச் சொல்லும்போது முகம் மலர்கிறது. எனக்கு முழுசாக மகிழ முடியவில்லை. உடன்குடியும் கடற்கரைதான், அங்கேயும் பனையும் மீனும் உண்டு. அங்கே ஏற்கெனவே 1,320 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. இதைப் பெரியவரிடம் சொன்னேன். சிறிது நேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவுகளும் நம்ம சனந்தான்" என்றார்.

வெள்ளி, கமுதி

கரையை விட்டு உள்ளே வந்தேன். முதுகுளத்தூர் வழியாகக் கமுதி. வழியெல்லாம் சீமைக்கருவேலம். 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் காப்பகங்கள் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. இப்போது தண்ணீரும் இல்லை, பறவையும் இல்லை.

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். 2016 செப்டம்பரில் இயக்கத்துக்கு வந்தபோது ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்றார்கள். ஏறத்தாழ 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள். வேலியோரம் நடந்தால் தகடுகளின் வரிசை முடிவதாகவே தெரியவில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது, அதைச் சொல்லத் தயங்கவில்லை. ஆனாலும் இரண்டு விஷயங்கள். சூரிய மின்சாரத்தின் ஆண்டுச் சராசரி, சொன்ன திறனில் ஐந்தில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் இந்த 2,500 ஏக்கரும் சேர்ந்து தருவது இரவு பகலாக ஓடும் 130 மெகாவாட் நிலையம் தரும் மின்சாரம். வழுதூரில் சில ஏக்கரில் நிற்பது 187. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே விளக்குப் போடும்போது இங்கே ஒரு தகடும் வேலை செய்யாது. அந்த நேரத்துக்கு நிலக்கரியும் வாயுவும்தான் இன்னும் கைகொடுக்கின்றன, மின்கலத்தில் சேமிப்பது மலிவாகிப் பெருகும் வரை. இரண்டாவது, இந்த நிலம் யாருக்கும் பயன்படாமல் கிடந்தது என்ற பேச்சு. வேலிக்கு வெளியே ஆடு ஓட்டிக்கொண்டிருந்த அம்மா, "முன்னெல்லாம் இதுக்குள்ளதான் பத்துவோம். இப்ப சுத்திப் போகணும்" என்றார். மேய்ச்சல் பட்டாவில் ஏறுவதில்லை. அதனால் கணக்கிலும் ஏறுவதில்லை.

திரும்பும் வழியில் சாலையை ஒட்டிக் கரிமூட்டம் கண்டு இறங்கிவிட்டேன். சீமைக்கருவேலக் கட்டைகளை நெருக்கி அடுக்கி, தழை போட்டு மூடி, மேலே ஈரமண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் விரலளவு ஓட்டைகள். காற்று அதிகம் போனால் கட்டை சாம்பல், போகாவிட்டால் நெருப்பு செத்துவிடும். முதலில் கெட்டியான வெள்ளைப் புகை, அது கட்டையில் உள்ள ஈரம். பல நாள் கழித்துப் புகை மெலிந்து நீலமாகும்போது ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும். இரவில் இரண்டு மணிக்கு எழுந்து புகையின் நிறம் பார்ப்பேன் என்றார் மூட்டம் போடும் தொழிலாளி. நிலா இல்லாவிட்டால் டார்ச் அடித்துப் பார்ப்பாராம். தூர்க்கட்டைக் கரிக்கு விலை கூடுதல். அவர் கண் இரண்டும் சிவந்திருந்தது, பேசும்போது அடிக்கடி இருமினார்.

இந்தக் கரியும் எரிந்தால் அதே கார்பன் டை ஆக்சைடுதான். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் இந்த மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன் அது. வெட்டிய தூர் மறுபடி துளிர்த்து அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். வழுதூரில் எரிவது டைனோசர்கள் நடமாடிய காலத்தில் புதைந்த கார்பன். அதைத் தோண்டி எடுத்து ஒரு தலைமுறைக்குள் காற்றில் கலந்துவிட்டு, திரும்பப் புதைக்க வழியில்லாமல் நிற்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த மனிதரின் நுரையீரலுக்கு இந்த வேறுபாடு எதுவும் உதவாது என்பதும் உண்மை.

சனி, பாம்பன்

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் கரை திரும்பும் நேரத்துக்குக் காத்திருந்தேன். மன்னார் வளைகுடாவை இவர்கள் தென்கடல் என்பார்கள், பாக் நீரிணை வடகடல். தென்கடலில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் தேசியப் பூங்கா ஆனது, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறை. இவர்கள் அதைப் பார் என்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி அந்தப் பாரை ஒட்டித்தான் விளைகிறது. அகர் என்ற உறைய வைக்கும் பொருளை எடுக்க அதை வாங்குகிறார்கள்.

படகிலிருந்து இறங்கிய அக்காவின் பத்து விரலிலும் கிழிந்த துணி சுற்றியிருந்தது. பாறையும் சிப்பியும் கிழிக்காமல் இருக்க. ஒவ்வொன்றாக அவிழ்த்தபோது உள்ளே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது, நகக்கண்ணில் பழைய தழும்புகள். சட்டைக்கு மேல் சேலை, தலையில் ஏற்றிய நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. எட்டு வயதில் அம்மாவோடு இறங்கியவராம். பையைக் கொட்டி, சிக்கிய கடற்புல்லையும் சின்னச் சிப்பியையும் பொறுக்கி எறிந்துகொண்டே பேசினார்.

"சித்திரை வையாசியில தண்ணி வெந்நியாக் கெடக்கு தம்பி. மேல சுடும், முங்குனா உள்ள குளுகுளுன்னு இருக்கும், முன்னாடி. இப்ப உள்ளயும் சுடுது. பாரு வெள்ளவெளேர்னு ஆயிருது. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி."

அவர் சொன்னதைத்தான் ஆய்வாளர்கள் பவள வெளுப்பு என்கிறார்கள். பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெயிலில் உணவு சமைத்து அதற்கு ஊட்டுகிறது, நிறத்தையும் தருகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிடக் கடல் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சூடாகி சில வாரம் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு தெரிவது வெறும் சுண்ணாம்பு எலும்பு. சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய வெளுப்பு நடந்தது. 2016-இல் செத்த பவளம் ஏராளம். நேற்று முன்தினம் திருப்பாலைக்குடியில் கேட்ட அந்த 7 டிகிரி இங்கே நின்று யோசிக்கும்போது வேறு எடையில் தெரிகிறது.

பூமியில் கூடும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் கால்வாசியையும் அதுவே கரைத்துக்கொள்கிறது. கரையக் கரையக் கடல்நீரின் காரத்தன்மை குறைகிறது, சிப்பிக்கும் பவளத்துக்கும் சுண்ணாம்பு கட்டுவது கடினமாகிறது. இந்தக் கரையில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலமும் உண்டு. 2001-இல் வனவிலங்குச் சட்டப் பட்டியலில் பவளத்தைச் சேர்த்தபின் படிப்படியாக நின்றது. கண்ணுக்குத் தெரிந்த கடப்பாரையைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டோம். அமெரிக்காவிலும் சீனாவிலும் நம் தூத்துக்குடியிலும் எரியும் நிலக்கரியின் சூட்டை இந்தத் தீவுகளைச் சுற்றி எந்த வேலியும் தடுக்காது.

அக்கா வீட்டில் ஒரு குண்டு பல்பு, ஒரு மின்விசிறி, ரேஷன் அட்டைக்குக் கிடைத்த சிலிண்டர். பாசி காயவைப்பது வெயிலில். வாழ்நாள் முழுக்க அவர் எரித்த எரிபொருளைச் சேர்த்தாலும் நகரத்தில் குளிர்சாதன அறையில் இருந்து எழுதும் என்னைப் போன்றவர்கள் சில ஆண்டில் எரிப்பதற்கு ஈடாகாது. கடல் முதலில் சுடுவது அவருக்கு. இதைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2025-இல் மன்னார் வளைகுடாவின் ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேட ஒன்றிய அரசு ஏலம் அறிவித்தது. அதைக் கைவிடச் சொல்லி முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்காவுக்குக் கடிதம் பற்றித் தெரியாது. ஏலம் பற்றித் தெரிந்திருந்தது.

ஞாயிறு, ராமேஸ்வரம்

பாக் நீரிணையில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. நேற்றுப் போன விசைப்படகுகள் இன்று காலை திரும்பின. துறைமுகத்தில் மீன் வாடையை முந்திக்கொண்டு டீசல் வாடை வருகிறது. ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் தடைக்காலம், அதற்குள் முடிந்ததைப் பிடித்துவிட வேண்டும் என்ற பரபரப்பு.

இங்கே எவரும் டீசல் வேண்டாம் என்று சொல்லவில்லை. மானிய விலையில் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர் என்று அரசு தருகிறது. ஒரு லிட்டர் எரிந்தால் 2.7 கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடு. ஒரு விசைப்படகின் மானிய டீசலுக்கு மட்டும் ஆண்டுக்கு 51 டன். "பாய் கட்டிப் போன காலத்துல சோழகம் அடிச்சா ஒரு தொழிலு, வாடை அடிச்சா ஒரு தொழிலு. காத்து சொல்றதக் கேட்டோம். இப்ப டீசல் வெல சொல்றதக் கேக்குறோம்" என்றார் நாட்டுப்படகு மீனவர் ஒருவர். கரையருகில் மீன் குறைந்ததால் தூரம் போகிறார்கள், தூரம் போவதால் டீசல் கூடுகிறது, டீசலுக்கு ஈடுகட்ட இன்னும் அதிகம் பிடிக்க வேண்டியிருக்கிறது. எரிவாயுக் கிணறு வேண்டாம் என்பவர்கள் டீசல் மட்டும் எரிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் எனக்கு நியாயம் தெரியவில்லை. இயந்திரம் பொருத்தச் சொல்லிக் கடன் கொடுத்துப் பழக்கிய பிறகு, பாய்மரத்துக்குத் திரும்பு என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் கேட்பது, பிழைப்பு நடக்கும் கடலையும் கண்மாயையும் தங்களைக் கேட்காமல் தோண்டாதே என்பதைத்தான்.

மதியம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் மிஞ்சிய தேவாலயச் சுவரைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். முழுக்கப் பவளக் கல். கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு பவள உயிரின் வீடு. உப்புக்காற்றில் சுவர் உதிர்ந்து வருகிறது.

கடலோரம் அலைவரம்பில் காய்ந்த கடற்புல்லைக் கிளறினால் பருப்பளவில் வெள்ளை மணிகள். 2025 மே 25-இல் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை கேரளக் கரை முழுக்கப் பரவி, குமரி முனையைச் சுற்றி இங்கே வரை வந்து ஒதுங்கியது. நான் கையில் எடுத்த மணி அந்தக் கப்பலுடையதுதானா என்று மணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் எல்லாக் குருணைக்கும் பிறப்பு ஒன்றுதான்: எண்ணெயிலும் எரிவாயுவிலும் இருந்து பிரித்த எத்திலீன், புரோப்பிலீன். நகத்தால் அழுத்தினேன், நசுங்கவில்லை. மீன்முட்டை என்று நினைத்துப் பறவையும் மீனும் விழுங்கும். எரிக்காமல் விட்டாலும் இந்த எரிபொருள் கடலை விடுவதில்லை.

மாலை ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். புதிய பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து வந்தபோது திருப்பாலைக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அழைப்பு. வியாழனன்று பெரியவரோடு இருந்த இளைஞர். மே 1 கிராம சபையில் வைக்கத் தீர்மானம் எழுதியிருக்கிறார்களாம்: 20 கிணறுகளுக்குக் கொடுத்த அனுமதி ரத்தானதை எழுத்துமூலம் தர வேண்டும், 2020 சட்டத்தில் இராமநாதபுரத்தையும் சேர்க்க வேண்டும். கண்மாய்ப் பாசனமும் மிளகாயும் மேய்ச்சலும் வேளாண்மைதான் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. "அண்ணே, நீங்க திருவாரூருல பாத்திருப்பீங்க, சரியா இருக்கான்னு சொல்லுங்க" என்று வரைவை அனுப்பியிருக்கிறார். படித்துவிட்டேன். மேய்ச்சல் நிலத்தின் சர்வே எண்களையும், கடலுக்குள் இறங்கும் எந்தக் குழாய்க்கும் மீனவர் சபையின் ஒப்புதல் வேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். டெல்டாவில் இதுபோன்ற தீர்மானம் நிறைவேற்றிய ஊராட்சிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் தீர்மான நகலை இங்கே போடுங்கள். அவர்களிடம் சேர்த்துவிடுகிறேன்.